குளியலறைச் சுவரில் இருப்பது யார்?

இரவு பத்து மணி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீடு. குளியலறை விளக்கைப் போட்ட பேத்தி, போட்ட வேகத்தில் அலறிக்கொண்டு வெளியே ஓடி வருகிறாள். தண்ணீர்க் குழாய்க்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குக் கால்களை விரித்தபடி ஒரு எட்டுக்கால் பூச்சி! அப்பா செருப்பைத் தேடுகிறார். அம்மா கரப்பான் மருந்து டப்பாவைக் குலுக்குகிறார். கூடத்தில் படுத்திருக்கும் ஆச்சி மட்டும் எழுந்துகூட உட்காரவில்லை.

"எய்யா, அதை அடிக்காத. அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகட்டும். கரப்பானத் தின்னுட்டுப் போயிரும்."

"கடிச்சிட்டா என்ன செய்ய ஆச்சி?"

"நீ போயிப் பிடிச்சாத்தான் கடிக்கும் தாயி."

ஆச்சி சொன்னது முழுக்க சரி. ஆனால் பத்து நாள் கழித்து அதே ஆச்சி, அதே எட்டுக்கால் பூச்சி மேல் ஒரு பழியைப் போடப் போகிறார். அது சரியா என்பதைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன், நம் வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

மூன்று கேள்விகள் போதும்

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கும் மேல். ஆனால் ஒரு சாதாரணத் தமிழ்நாட்டு வீட்டுக்குள் அடிக்கடி கண்ணில் படுபவை ஐந்தாறு வகைகள்தான். நிறத்தை வைத்து அடையாளம் காணப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே இனத்தில் ஆண் ஒரு நிறம், பெண் ஒரு நிறம், குஞ்சு வேறு நிறம் என்று இருக்கும். அதற்குப் பதில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எங்கே இருக்கிறது? வலை கட்டியிருக்கிறதா? பக்கத்தில் போனால் என்ன செய்கிறது?

முதலில் அது சிலந்திதானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். எட்டுக் கால், இரண்டு பகுதியாகப் பிரிந்த உடல். இறக்கை கிடையாது, தலையில் உணர்கொம்பும் கிடையாது. எறும்பு, கரப்பான், வண்டு போன்ற பூச்சிகளுக்கு ஆறு கால், மூன்று பகுதி உடல், உணர்கொம்பு உண்டு. 'எட்டுக்கால் பூச்சி' என்று நாம் சொன்னாலும், கணக்குப்படி சிலந்தி பூச்சியே அல்ல. தேளுக்கும் உண்ணிக்கும் உறவு.

கூரை மூலையில் ஆடுபவர்

கூரை மூலை, மாடிப்படிக்கு அடிப்பக்கம், பரணில் கிடக்கும் பெட்டிகளுக்கு நடுவே. இங்கெல்லாம் ஒழுங்கில்லாத, கலைந்த நூல் போன்ற வலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பவர் நெட்டைக்கால் சிலந்தி. உடல் ஒரு அரிசி அளவுதான். கால்கள் தலைமுடி போல மெலிந்து, உடலைவிடப் பல மடங்கு நீளமாக இருக்கும். நம் வீட்டு ஒட்டடையில் பெரும்பங்கு இவருடைய கைவண்ணம்தான்.

இவரைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. துடைப்பக் குச்சியால் வலையை லேசாகத் தொடுங்கள். உடனே உடம்பைக் கிடுகிடுவென்று ஆட்டுவார். அந்த வேகத்தில் உருவமே மங்கிப்போய்விடும். எதிரியின் குறி தப்பட்டும் என்று செய்கிற தந்திரம் இது. வாயில் ஒரு சின்ன உருண்டையைக் கவ்விக்கொண்டிருந்தால் அது பெண்; உருண்டை முட்டைக் கொத்து. குஞ்சு பொரிக்கும்வரை அப்படியே வாயில் வைத்திருப்பார்.

'உலகிலேயே கொடிய விஷம் இதற்குத்தான், பல் சின்னதாக இருப்பதால் மனிதர்கள் பிழைத்தார்கள்' என்று இவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அதில் உண்மை இல்லை. இவருடைய விஷம் கொசுவையும் ஈயையும் மடக்கத்தான் உதவும்.

குளியலறை விருந்தாளி

பேத்தியை அலறவைத்தவர் இவர்தான். ஆங்கிலத்தில் 'ஹண்ட்ஸ்மேன்' என்பார்கள். வேட்டைக்காரர் என்று பொருள். ஹெட்டிரோபோடா வெனடோரியா என்ற அறிவியல் பெயரில் உள்ள 'வெனடோரியா'வுக்கும் வேட்டையாடுவது என்றே அர்த்தம். லின்னேயஸ் 1767-ல் வைத்த பெயர் அது. கப்பல் சரக்குகளோடும் வாழைத்தார்களோடும் பயணம் செய்து, வெப்பமான நாடுகள் எல்லாவற்றிலும் பரவிவிட்டார்.

உடல் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். காலை விரித்தால் ஏழிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை வரும். கால்கள் நண்டுக்கு இருப்பது போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். முகத்தில், கண்களுக்குக் கீழே, மீசை வைத்தது போல ஒரு வெளிர்நிறப் பட்டை தெரியும். வலை கட்டுவதே இல்லை. பகலில் காலண்டர், கண்ணாடி, கதவு ஆகியவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு தூங்குவார். இரவில் இறங்கி வந்து கரப்பானைத் துரத்திப் பிடிப்பார். தட்டையான உடம்பு என்பதால் சின்ன இடுக்கிலும் நுழைந்துவிடுவார்.

சில சமயம் வயிற்றுக்கு அடியில் வெள்ளை வில்லை ஒன்றைச் சுமந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, 'சிலந்திக்குக் கட்டி வந்திருக்கிறது' என்று நினைப்பவர்கள் உண்டு. அது முட்டைப் பை. உள்ளே நூற்றுக்கும் அதிகமான முட்டைகள் இருக்கும். அந்த நேரத்தில் அடித்தால் பை கிழிந்து குஞ்சுகள் வீடு முழுக்கச் சிதறவும் கூடும்.

கையில் பிடித்து நசுக்கினால் கடிப்பார். தேனீ கொட்டியது போல வலிக்கும், கொஞ்சம் வீங்கும். அதற்குமேல் ஆபத்து இல்லை. ஆளைப் பார்த்ததும் தப்பி ஓடுவதுதான் இவர் வழக்கம்.

ஜன்னலில் எட்டிப் பார்க்கும் ஈப்புலி

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் கட்டையிலோ சுவரிலோ விட்டு விட்டு நடந்து, சட்டென்று தாவும் குட்டிச் சிலந்திக்குத் தமிழில் அருமையான பெயர் இருக்கிறது. ஈப்புலி! ஈயைப் புலி போலப் பதுங்கிப் பாய்ந்து பிடிப்பதால் வந்த பெயர். ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். குட்டைக் கால்கள், உடம்பெல்லாம் மயிர். முகத்தின் முன்னால் டார்ச் விளக்கு போல இரண்டு பெரிய கண்கள், சுற்றிலும் ஆறு சின்னக் கண்கள்.

விரலை நீட்டினால் மற்ற சிலந்திகள் ஓடும். ஈப்புலி திரும்பி நின்று நம்மைப் பார்க்கும். அதுதான் அடையாளம். தாவுவதற்கு முன் ஒரு நூலைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் தாவும். குறி தவறினாலும் நூலைப் பிடித்து ஏறி வந்துவிடும். கருப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்டிருப்பது ஆண். பழுப்பும் சாம்பலுமாக இருப்பது பெண். குழந்தைகளுக்குச் சிலந்தி பயம் போக வேண்டுமானால், ஈப்புலியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

சுவரில் வெள்ளைப் பொட்டு

சுவர் மூலையில், சுண்ணாம்பு உரிந்தது போல, நாணயம் அளவில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறதா? உற்றுப் பார்த்தால் அது நட்சத்திரம் போல நூல் இழுத்துக் கட்டிய சின்னக் கூடாரம். அதன் கீழே இரண்டு, மூன்று மில்லிமீட்டரில் ஒரு சாம்பல்நிறச் சிலந்தி இருக்கும். எறும்பு வந்தால் வெளியே வந்து அதைச் சுற்றிச் சுற்றி ஓடி, நூலால் கட்டிப்போட்டுவிடும்.

இதோடு குழம்பக்கூடிய இன்னொன்றும் சுவரில் உண்டு. சிமெண்ட் நிறத்தில், வெள்ளரி விதை வடிவத்தில் ஒரு தட்டைப் பை மெதுவாக ஊர்ந்து போகும். 'சிலந்தி முட்டை நடக்கிறது' என்று பயப்பட வேண்டாம். அது ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு. தூசியையும் மணலையும் நூலால் ஒட்டிப் பை செய்து அதற்குள் வாழ்கிறது. பழைய ஒட்டடையையும் உதிர்ந்த முடியையும் தின்கிறது. ஒட்டடை சேராத வீட்டில் இது குறையும்.

எச்சில் துப்பும் மந்தநடை

இரவில் அலமாரிப் பின்பக்கம் ஆடி அசைந்து, அவசரமே இல்லாமல் நடக்கும் மெலிந்த சிலந்தி ஒன்று உண்டு. வெளிர்மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள் இருக்கும். முன்பகுதி திமில் போல மேலெழுந்திருக்கும். அந்தத் திமிலுக்குள்தான் பசை சுரக்கும் சுரப்பி. இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும், பசை கலந்த எச்சிலைக் கோணல் மாணலாகத் துப்பி, இரையைத் தரையோடு ஒட்டிவிடும். ஓடத் தெரியாதவருக்கு இயற்கை கொடுத்த ஆயுதம். நம்மீது துப்பிப் புண்ணாக்கும் சக்தி இதற்கு இல்லை.

வாசலிலும் தோட்டத்திலும்

பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்குக்குப் பக்கத்தில் சக்கரம் போல வட்ட வலை கட்டி, நடுவில் உட்கார்ந்திருப்பவர் தோட்டத்துச் சிலந்தி. இவர்களில் பல வகைகள் விடியும்போது வலையைச் சுருட்டித் தின்றுவிட்டு, மறுநாள் மாலை புதிதாகக் கட்டும். காலையில் பார்த்தால் ஆளும் இருக்காது, வலையும் இருக்காது.

செடிகளுக்கு நடுவே வட்ட வலையில், பெருக்கல் குறி போல வெள்ளை நெளிக்கோடு போட்டு, அதன் மேலேயே கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து உட்கார்ந்திருந்தால் அது 'கையெழுத்துச் சிலந்தி'. மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை போட்டிருக்கும் பெரியது பெண். ஓரமாக ஒதுங்கி நிற்கும் பொடியன் ஆண்.

மாமரம் இருக்கிற வீட்டில் இன்னொரு வேடிக்கை பார்க்கலாம். முசுறு என்றும் முயிறு என்றும் சொல்லப்படும் சிவப்பு எறும்புகளின் வரிசைக்குப் பக்கத்தில், அச்சு அசலாக அதே போல ஒன்று தனியாகத் திரியும். கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால், அது எறும்பு வேஷம் போட்ட சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் தூக்கி, உணர்கொம்பு மாதிரி ஆட்டிக் காட்டும். ஆண் சிலந்தியின் நீண்ட தாடையைப் பார்த்தால், ஒரு எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிப் போவது போலவே இருக்கும். முசுறிடம் கடி வாங்கிய குருவியும் ஓணானும் இதையும் விட்டுவிடும்.

கவனமாக இருக்க வேண்டியவை

மரப்பொந்துகளில் வாழும் பெரிய, மயிரடர்ந்த சிலந்திகள் நம் பகுதியில் உண்டு. ராமேஸ்வரம் தீவில் கண்டறியப்பட்டு, அங்குள்ள கோயிலின் பெயரால் 'ஹனுமவிலாசுமிகா' என்று 2004-ல் பெயரிடப்பட்டது ஒன்று. மரங்கள் வெட்டப்படுவதால் அழிவின் விளிம்பில் இருக்கிறது. தோப்பை ஒட்டிய வீடுகளுக்குள் இந்த வகையைச் சேர்ந்தவை எப்போதாவது வந்துவிடலாம். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். கையால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்வது நல்லது. இவற்றின் கடிக்கு மருத்துவமனை போவதுதான் சரி.

ஆங்கிலப் படங்களில் வரும் 'விதவைச் சிலந்தி' வகைகள் இந்தியாவில் அரிதாகப் பதிவாகியிருக்கின்றன. அன்றாடம் வீட்டுக்குள் பார்ப்பவை அவை அல்ல.

ஆச்சியின் நெற்றியில் என்ன?

இப்போது அந்த வீட்டுக்கே திரும்புவோம். பத்து நாள் கழித்து, ஆச்சியின் நெற்றியில் வலது பக்கம் மட்டும் எரிச்சல். மறுநாள் சிவந்து, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். "தூக்கத்துல எட்டுக்கால் பூச்சி ஊர்ந்திருக்கும். சுண்ணாம்பு வெச்சாச் சரியாயிரும்" என்கிறார் ஆச்சி. யாரும் சிலந்தியைப் பார்க்கவில்லை. ஆனாலும் பழி சிலந்தி மேல்.

தமிழில் இந்தப் பழி மிகப் பழையது. அகராதியில் 'சிலந்தி' என்ற சொல்லுக்கே கட்டி, புண் என்ற பொருளும் உண்டு. அந்தக் காலத்தில் குளத்து நீர் குடித்தவர்கள் காலில் புண்ணாகி, நீளமான புழு வெளிவந்த நோய்க்கு 'நரம்புச் சிலந்தி' என்று பெயர். அதற்கும் சிலந்திக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீரைச் சுத்தப்படுத்தியதால் ஒழிந்த நோய் அது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் பதிவானார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் நாடு விடுபட்டதாகச் சான்று கொடுத்தது.

சிலந்திக் கடி என்று நாம் நினைப்பவை பெரும்பாலும் வேறு மூன்றாக இருக்கும்.

முதலாவது, மழைக்காலத்தில் டியூப்லைட்டைத் தேடி வரும் ஒரு சின்ன வண்டு. பார்க்க நீள எறும்பு போல, ஆரஞ்சும் கருப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். கடிக்காது. ஆனால் உடம்பில் ஊரும்போது நாம் தட்டி நசுக்கினால், அதன் உடல்நீர் பட்ட இடம் ஒன்றிரண்டு நாளில் தீக்காயம் போலச் சிவந்து கொப்பளிக்கும். நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது.

இரண்டாவது, அக்கி. சின்ன வயதில் அம்மை போட்டவர்களின் நரம்பில் பல வருடம் ஒளிந்திருக்கும் அதே கிருமி, வயதான பிறகோ உடல் பலவீனமான நேரத்திலோ மறுபடி கிளம்புவது. உடம்பின் ஒரே பக்கத்தில், ஒரு பட்டை போல வரும். கொப்புளத்துக்கு முன்பே எரிச்சலும் வலியும் வந்துவிடும். மண்பாண்டம் செய்பவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் ஊர்களில் உண்டு. எழுதிக்கொண்டாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் முழுப் பலன். நெற்றி, கண்ணிமை, மூக்கு நுனி ஆகிய இடங்களில் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் பார்வையே பாதிக்கப்படலாம்.

மூன்றாவது, கிருமித் தொற்றால் வரும் சாதாரணக் கட்டி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் இப்படி ஒன்று வந்து, 'ஏதோ பூச்சிக் கடி' என்று நாலு நாள் விட்டால், சின்னப் புண் பெரிதாகிவிடும்.

எனவே, சிலந்தி கடித்ததைக் கண்ணால் பார்க்காதவரை அதைச் சிலந்திக் கடி என்று முடிவு கட்ட வேண்டாம். பார்த்திருந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் போதும். சுண்ணாம்பு வேண்டாம், கீறுவதும் வேண்டாம். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடிக்காமல் அனுப்ப

வீட்டுக்குள் சிலந்தி வேண்டவே வேண்டாம் என்றால், அதன் மேல் ஒரு வாயகன்ற டம்ளரைக் கவிழ்த்து, கீழே தபால் அட்டையை நுழைத்து, அப்படியே கொண்டுபோய்த் தோட்டத்தில் விடலாம். பெரியதற்குப் பிளாஸ்டிக் டப்பா சௌகரியம்.

தூசி படிந்து கருத்துத் தொங்கும் ஒட்டடையில் பெரும்பாலும் சிலந்தி இருக்காது. தாராளமாக அடிக்கலாம். தூங்கும் அறை, அடுப்படி இரண்டையும் வாரம் ஒருமுறை அடித்து, கொல்லைப்புற மூலைகளைச் சிலந்திக்கு விட்டுவிடலாம். பழைய அட்டைப் பெட்டி, கட்டுக் கட்டாய்ச் செய்தித்தாள், இரவெல்லாம் எரியும் வாசல் விளக்கு ஆகியவற்றைக் குறைத்தாலே பூச்சி குறையும். பூச்சி குறைந்தால் சிலந்தியும் குறையும். நாள்கணக்கில் மூலையில் கிடந்த ஷூவையும், கொடியில் தொங்கிய துண்டையும் உதறிவிட்டு எடுப்பது நல்ல பழக்கம்.

திருவானைக்கா தலபுராணத்தில் ஒரு சிலந்தி வருகிறது. லிங்கத்தின் மேல் சருகு விழாமலிருக்க அது வலை பின்னுகிறது. பூசை செய்ய வரும் யானை அதை ஒட்டடை என்று நினைத்துத் துடைத்தெறிகிறது. இரண்டுக்கும் சண்டை மூண்டு, இரண்டும் உயிரை விடுகின்றன. அந்தச் சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்கிறது கதை.

நெல்லை வீட்டு ஆச்சியை, மகன் மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் கூட்டிப் போனார். அக்கிதான். மாத்திரையும் கண் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்த அன்று இரவு, குளியலறைக் கதவருகே நின்று பேத்தி கூப்பிட்டாள்.

"ஆச்சி, அது இன்னும் இங்கனதான் இருக்கு. வாயில கரப்பான்!"

"பாவம், அதுமேல போயிப் பழியப் போட்டேன். லைட்ட அமத்திட்டு வா தாயி. அது சாப்பிடட்டும்."